ஏழாம் எண் புட்டி

பால் ரூமில் ஆறு நாற்காலிகள். ஆறும் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒருத்தியின் மானத்தை இன்னொருத்தி பார்க்க வேண்டாம் என்று யாரோ நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. கண்ணுக்குச் சுவர் இருந்தது. காதுக்கு என்ன செய்வது? மிஷின் ‘விஷ்க், விஷ்க்’ என்று இழுக்க இழுக்க, பக்கத்து நாற்காலியில் புட்டிக்குள் பால் பீய்ச்சி விழுவது தெளிவாகக் கேட்கும். நாலம்மாவின் புட்டியில் குழாயடியில் குடம் நிறைகிற சத்தம். ஏழம்மாவின் புட்டியில் மிஷின் சத்தம் மட்டும்.

குறைமாதக் குழந்தைகளின் வார்டு அது. கண்ணாடிப் பெட்டிகளுக்கு எண் உண்டு. தாய்மார்களையும் அந்த எண்ணை வைத்தே கூப்பிடுவார்கள். நாலாம் பெட்டிக்காரி நாலம்மா, ஏழாம் பெட்டிக்காரி ஏழம்மா. ஏழம்மாவின் மகள் பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பத்து வாரம் முன்னதாகவே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற விருந்தாளி. எடை ஒரு கிலோ நூறு கிராம். முதல் நாள் கண்ணாடி வழியாகப் பார்த்த அப்பன்காரன் “கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு சொல்லுவாங்க, பார்ப்போம்” என்றான். அன்றிலிருந்து அவள் கடுகு.

கடுகுக்கு இன்னும் உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. வாய் வழியே வயிற்றுக்குப் போகும் நூல் மாதிரிக் குழாயில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து நர்ஸ் பாலை இறக்குவாள். எட்டு மில்லி. இரண்டு சின்னக் கரண்டி அளவுகூட இல்லை. அந்த எட்டு மில்லிதான் ஏழம்மாவுக்குச் சேர மாட்டேன் என்றது.

“இந்தக் குடலுக்கு அம்மா பால்தான் மருந்து” என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த சின்னப் பெண். “பவுடர் பால் கொடுக்கலாம், கொடுக்காம இல்ல. ஆனா இத்தனூண்டு குடல் அதைத் தாங்குமான்னு ஒவ்வொரு தடவையும் பயந்துகிட்டேதான் கொடுக்கணும். உங்களால எவ்வளவு முடியுமோ எடுத்துக் கொடுங்க.”

எவ்வளவு முடியுமோ. பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் சொல்வது போல அவள் அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் ஏழம்மாவின் நெஞ்சில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது.

அவள் எளிதில் கலங்குகிறவள் அல்ல. மருந்துத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக லேபிள் சரிபார்க்கிறவள். நிமிடத்துக்கு நூற்றைம்பது புட்டி, வெள்ளை விளக்குப் பலகையின் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். எண் ஒன்று மாறியிருந்தால், தேதி மங்கியிருந்தால், ஒட்டியது இம்மி சாய்ந்திருந்தால் அவள் கை தானாக நீண்டு அதை எடுத்துப் போட்டுவிடும். எந்தப் புட்டியில் எது இருக்கிறது என்று சந்தேகம் வந்துவிட்டால் முழுத் தொகுதியையும் கொட்டிவிட வேண்டியதுதான். ஆயிரம் புட்டி ஆனாலும் சரி, பத்தாயிரம் ஆனாலும் சரி. இரண்டு முறை அவள் அப்படிக் கொட்ட வைத்திருக்கிறாள். மேலதிகாரி குதித்தார். அவள் அசையவில்லை. வீட்டில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர். அப்படிப்பட்டவளை அவளுடைய உடம்பே இப்போது காலை வாரிவிட்டது.

பால் ரூம் கதவைத் தொட்டதுமே அது தொடங்கும். முதலில் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும். இறக்கிவிட்டால், அவள் கவனம் மாறியதும் மறுபடி ஏறிக்கொள்ளும். பல்லைக் கடித்திருப்பது தாடை வலித்த பிறகுதான் தெரியும். விரல் நுனி சில்லிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். நெஞ்சு, யாரோ மாடிப்படியில் தடதடவென்று ஓடி வருவது போல அடித்துக்கொள்ளும். ஓடி வருகிறவர் வந்து சேர்வதே இல்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்குள் இத்தனை ஓட்டம் எதற்கு என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். கடுகின் பெட்டியில் மூச்சு தடுக்கினால் ஒரு அலாரம் அடிக்கும், மூன்று சின்ன ‘பீப்’. அது இப்போது எங்கும் கேட்டது. லிப்ட் கதவு மூடும்போது, பக்கத்துப் படுக்கைக்காரியின் செல்போனில், தூக்கத்தில், குழாய்த் தண்ணீரில்கூட. கேட்ட மாத்திரத்தில் முதுகில் வியர்வை பூக்கும்.

பதினைந்து நிமிடம் மிஷின் இழுக்கும். புட்டியின் அடியில் நாலு மில்லி. நல்ல நாளில் ஐந்து. ஒரு வேளைக்கு இரண்டு முறை உட்கார்ந்துதான் எட்டை ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

“பால் இல்லாம இல்லம்மா” என்றாள் பெரிய சிஸ்டர். வார்டை முப்பது வருடமாகக் கட்டி மேய்ப்பவள். அவளுக்குப் பயந்து டாக்டர்கள்கூட செருப்பைச் சரியான இடத்தில் கழற்றுவார்கள். ஏழம்மாவின் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கல்லு மாதிரி கட்டியிருக்கு பாரு. உள்ளே இருக்கு. கதவுதான் திறக்க மாட்டேங்குது.”

“ஏன் சிஸ்டர்?”

“புலி துரத்துதுன்னு வச்சுக்கோ. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற. அந்த நேரத்துல உடம்பு என்ன பண்ணும்? காலுக்கு ரத்தம் அனுப்பும், கண்ணை அகல விரிக்கும். பசி, தூக்கம், பால், எல்லாத்தையும் அப்புறம் பார்த்துக்கலாம்னு மூடி வைக்கும். உன் மூளை புலியைப் பார்த்துக்கிட்டே இருக்கு.”

“புலி எங்கே இருக்கு? நான் நாற்காலியில இல்ல உட்கார்ந்திருக்கேன்.”

“அதைப் போய் அதுகிட்ட சொல்லு. கேட்குதான்னு பார்ப்போம்.” பெரிய சிஸ்டர் சிரித்தாள். “பயப்படாம இரு. குழந்தையை நினைச்சுக்கோ. போட்டோவைப் பாரு.”

அவள் போட்டோவைப் பார்த்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், காலில் ஊசி, நெற்றியில் பிளாஸ்திரி. புலியை மறப்பதற்குப் புலியின் படத்தையே பார்க்கச் சொன்னது போல ஆயிற்று.

பயப்படாதே என்று சொல்லாதவர் யாரும் இல்லை. மாலைப் பார்வையாளர் நேரத்தில் அவள் நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள், அடுக்கு டப்பாவோடு வந்து இறங்குவாள்.

“எனக்கு மூணு பிள்ளைக்கும் ஊத்திக்கிட்டு ஓடுச்சு. ரவிக்கையைப் பிழிஞ்சா பிழிஞ்சுகிட்டே இருக்கலாம். உனக்கு ஏன் இப்படி?”

“தெரியல அண்ணி.”

“நீ எதையோ மனசுல போட்டுக் குழப்பிக்கிற. கவலைப்பட்டா இருக்கிறதும் வத்திடும், ஆமா. கவலைப்படாதே. ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கிறே?”

“அஞ்சு.”

“அஞ்சா?” அண்ணி வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். “அஞ்சு மில்லியை வச்சுக்கிட்டு என்ன பண்றது, காதுல விடலாம்!”

“அக்கா, நீ வேணா போய் அந்த மிஷின்ல உட்காரு” என்றான் ஏழம்மாவின் புருஷன். “மூணு பெத்தவ. சர்வீஸ் இருக்கு.”

அண்ணி அவன் தோளில் ஒன்று போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஏழம்மாவும் சிரித்தாள். அவன் லிப்ட் பழுது பார்க்கிறவன். எந்த இடி விழுந்தாலும் அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்துவிடுவான். அதற்காகத்தான் அவனைப் பிடித்து அவள் கட்டிக்கொண்டதும். இப்போது அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாயை எப்படி மூடுவது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. உதடு விரிந்தபடியே சற்று நேரம் நின்றது.

மறுநாள் காலை டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “கடுகு நல்லா செரிக்குறா. நாளையிலிருந்து பத்து மில்லி. நாளை மறுநாள் பன்னிரண்டு. உங்க பால் பத்தலேன்னா மீதிக்குப் பவுடர் ஆரம்பிக்கலாம், என்ன?”

நல்ல செய்திதான். ஏழம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் எடுத்தது மூன்று மில்லி.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பால் ரூமில் அவளும் நாலம்மாவும் மட்டும் இருந்தார்கள். நாலம்மா காய்கறி மொத்த மார்க்கெட்டில் மூட்டை எடை போடுகிறவள். குரலும் மூட்டை கனம் இருக்கும். நூற்று இருபது மில்லியை எடுத்து வைத்துவிட்டு, ரவிக்கையைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

“என் வீட்டுக்காரர் என்ன சொல்றார் தெரியுமா? மாடு வாங்கக் கடன் கேட்டிருந்தேன், இனி வேண்டாம்ங்கிறார். என் பையன் குடிக்கிறது பதினஞ்சு. மீதியை வைக்க ஃப்ரிட்ஜ்ல இடமில்லேன்னு சிஸ்டர் திட்றாங்க. உனக்கு எவ்வளவு?”

ஏழம்மா புட்டியைத் தூக்கிக் காட்டவில்லை. மடியில் கையால் மறைத்துக்கொண்டாள். மறைத்த கை நடுங்கியது. நாலம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மூடியைத் திற.”

“வேண்டாம். ஒருத்தர் பாலை ஒருத்தர் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்காங்க.”

“எழுதறவங்க ஆயிரம் எழுதுவாங்க. பாலுல என்னடி என் பால், உன் பால். பிள்ளை வயித்துக்குத் தெரியுமா? டப்பா பாலைவிட இது தாழ்ந்தா போச்சு? திற.”

ஏழம்மா திறந்தாள். வெதுவெதுப்பான பால் அவளுடைய மூன்று மில்லியின் மேல் இறங்கியது. பன்னிரண்டு ஆனதும் நாலம்மா நிறுத்தினாள். “போதும். ஒரேயடியா ஏத்தினா சிஸ்டர் கண்ணுல பட்டுடும். கழுகுக் கண்ணு.”

பிறகு ஏழம்மா லேபிள் எழுதினாள். பெட்டி எண் ஏழு. தேதி. நேரம். அளவு. எழுத்துக் கோணவில்லை. புட்டியின் மேல் ஒட்டி, விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை நீவி, குமிழி இல்லாமல் படிய வைத்தாள். பால் எடுக்கும்போது நடுங்கிய கை, லேபிள் ஒட்டும்போது நடுங்கவில்லை. கை செய்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைப் பலகையில் இந்தப் புட்டி ஓடியிருந்தால் அவளே அதைத் தடுத்திருக்க மாட்டாள். அவ்வளவு சரியான லேபிள்.

“பார்த்தியா, கதவு திறந்துடுச்சு” என்றாள் பெரிய சிஸ்டர், புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. அண்ணியிடம் புருஷனே போன் போட்டுச் சொன்னான். மூன்று நாள் இப்படி நடந்தது. கடுகு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் போனாள். இருபது கிராம் கூடினாள். அந்த இருபது கிராமைக் கொண்டாட அவன் பஞ்சு மிட்டாய் நிறத்தில் ஒரு தொப்பி வாங்கி வந்தான். அது அவள் முகத்தையே மூடியது. ஏழம்மா தொப்பியைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். இந்த மூன்று நாளில் அவள் சொந்தப் பால் இரண்டு மில்லிக்கு இறங்கியிருந்தது. முன்பு ஒரு புலிதான் துரத்தியது. இப்போது ஒவ்வொரு முறை பெரிய சிஸ்டர் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதும் இன்னொன்று.

பதினைந்தாம் நாள் காலை, ஏழாம் பெட்டியைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

திரையின் இடுக்கில் அவளுக்கு முதலில் தெரிந்தது வயிறுதான். முந்தின நாள் சுருங்கிய காகிதம் போல இருந்த வயிறு, இப்போது ஊதி, தோல் பளபளத்து, நீல நரம்பு தெரிய நின்றது. வாய்க் குழாயின் வழியாகப் பச்சையாக ஏதோ வெளியே வந்து சின்னப் பையில் இறங்கிக்கொண்டிருந்தது. கடுகு அழவில்லை. அழுகிற அளவுக்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை போலும்.

“பாலை நிறுத்தியாச்சு” என்றாள் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே. “குடல்ல தொற்று மாதிரி தெரியுது. எக்ஸ்ரே எடுத்திருக்கோம். மருந்து ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு சாயங்காலம் இன்னொரு எக்ஸ்ரே பார்ப்போம். குடல்ல ஓட்டை விழுந்தா ஆபரேஷனுக்கு அனுப்பணும்.” பிறகு பெரிய சிஸ்டரிடம் திரும்பினாள். “பவுடர் எதுவும் கொடுக்கலையே?”

“ஒரு சொட்டுகூட இல்ல டாக்டர். முழுக்க அம்மா பால்தான்.” பெரிய சிஸ்டர் நோட்டை நீட்டினாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது சொல்ல வேண்டும் என்று ஏழம்மாவுக்குத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக வேறெதுவும் அவளுக்கு என்றும் தெரிந்ததில்லை. வாய் திறக்கவில்லை. புலி துரத்தினால் ஓடலாம் என்றுதானே பெரிய சிஸ்டர் சொன்னாள். பிடித்தே விட்டால் உடம்பு என்ன செய்யும் என்று சொல்லவில்லையே. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. டாக்டரின் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எதிரே சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆறு படம். அவள் ஆறையும் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். மூன்றாவது படத்தில் கட்டை விரலை ஏன் இப்படித் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று யோசித்தாள். மகளின் வயிறு வெடிக்கப் போகிறது. அவள் கட்டை விரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்த முடியவில்லை.

டாக்டர் போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று தெரியாது. பெரிய சிஸ்டர் கை கழுவ அந்தத் தொட்டிக்கு வந்தபோதுதான் குரல் வந்தது. அதுவும் வேறு யாருடைய குரலோ.

“சிஸ்டர். அது என் பால் இல்ல.”

பெரிய சிஸ்டர் குழாயை மூடவில்லை. “என்னது?”

“மூணு நாளா. என்னோடது ரெண்டு மூணு மில்லிதான். மீதி நாலம்மாவோடது. அவங்க கேட்டதுக்கு நான்தான் மூடியைத் திறந்தேன். லேபிள் நான்தான் ஒட்டினேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய சிஸ்டரின் முகத்தில் கோபம் வரும் என்று ஏழம்மா காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வெறுமனே களைத்துப் போனாள். ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடியது போல இருந்தது.

“அதனாலயா சிஸ்டர்? அதனாலதான் இப்படி ஆச்சா?”

“தெரியாது.”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“அம்மா பால் மட்டும் குடிச்ச பிள்ளைக்கும் இது வரும். டப்பா பால் குடிச்ச பிள்ளைக்கு வராமயும் போகும். அதனாலதான்னு நான் சொல்ல முடியாது. அதனால இல்லேன்னும் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது.” குழாயை மூடினாள். “நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம். பால் வரலேன்னு அழுதிருக்கலாம். நான் என்ன உன்னை அடிச்சா இருப்பேன்?”

‘கதவு திறந்துடுச்சு’ என்று வெளிச்சத்தில் புட்டியைப் பிடித்த அந்த முகத்தை ஏமாற்றமடைய வைக்க முடியவில்லை என்று சொல்வதா?

பிறகு நடந்ததெல்லாம் வரிசையாக நடந்தது, ஒவ்வொன்றும் அவளைக் கேட்காமல். டாக்டரிடம் சொல்லப்பட்டது. நோட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்டது. நாலம்மாவைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள், ஏதாவது தொற்று இருக்கிறதா என்று பார்க்க. வராந்தாவில், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நாலம்மா அவளை மறித்தாள்.

“எனக்கு நோய் இருக்கான்னு பார்க்கிறாங்களாம். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அது இருக்கா, இது இருக்கான்னு கேட்டிருக்காங்க. எல்லார் முன்னாலயும்.”

“மன்னிச்சுக்கோங்க.”

“பாவம் பார்த்து ஊத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும். நல்லதுக்குக் காலமில்ல.” குரல் உடைந்தது. உடனே தணிந்தது. “பிள்ளை எப்படி இருக்கு?” பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஃப்ரிட்ஜில் ஏழாம் எண் புட்டிகள் ஐந்து இருந்தன. பெரிய சிஸ்டர் அவற்றைத் தட்டில் வைத்து ஏழம்மாவிடம் கொண்டு வந்தாள்.

“எல்லாத்தையும் கொட்டிடு.”

“இந்த ரெண்டும் முழுக்க என்னோடது சிஸ்டர். பாருங்க, ரெண்டே மில்லிதான் இருக்கு. இது காலையில அஞ்சு மணிக்கு எடுத்தது. நாலம்மா அப்போ தூங்கிட்டிருந்தாங்க.”

“உனக்குத் தெரியும்மா. எனக்கு எப்படித் தெரியும்? லேபிள் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதானே இருக்கு.”

இந்த நியாயத்தில்தான் அவள் ஒன்பது வருடம் சம்பளம் வாங்கினாள். ஐந்து புட்டியையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த அந்த இரண்டு மில்லி, புட்டியைத் தலைகீழாகப் பிடித்தும் விழாமல் தொங்கியது. ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது.

புருஷன் மத்தியானமே வந்துவிட்டான். கையில் மசகு எண்ணெய்க் கறை. வேலை நடுவே லிப்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். படிக்கட்டின் அருகே நின்று அவள் சொன்னதைக் கேட்டான். முழுக்கக் கேட்டான். அவன் முகத்தில் வேடிக்கைக்கு இடம் தேடும் அந்த வழக்கமான நெளிவு வரும் என்று ஏதோ ஒரு மூலையில் அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சிருப்பீங்க.”

அவன் கறை படிந்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். “ஆமா” என்றான் கடைசியில். “சிரிக்க வச்சிருப்பேன். வேற எனக்கு என்ன தெரியும்?”

அதைச் சொன்னபோது அவன் அழவில்லை. படிக்கட்டுக் கைப்பிடியை, ஆட்டம் கண்டிருக்கிறதா என்று பார்ப்பது போல, இரண்டு முறை அசைத்துப் பார்த்தான். அது உறுதியாகத்தான் இருந்தது.

மூன்று மணி ஆனது. ஏழம்மா கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெரிய சிஸ்டர் வந்து, புதுப் புட்டி ஒன்றை அவள் மடியில் வைத்தாள்.

“போய் எடு.”

“எதுக்கு சிஸ்டர்? அவளுக்குத்தான் பால் கிடையாதே.”

“இன்னிக்குக் கிடையாது. அஞ்சு நாளோ, ஏழு நாளோ. அதுவரைக்கும் எடுக்காம விட்டா சுத்தமா நின்னுடும். அப்புறம் அவ கேட்கிறப்போ இருக்காது.”

“கேட்பாளா?”

பெரிய சிஸ்டர் புட்டியை எடுத்து அவள் கையில் திணித்தாள். “போ” என்றாள்.

அவள் போனாள். கதவைத் தொட்டபோது தோள் ஏறவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. உட்கார்ந்தாள், மிஷினைப் பொருத்தினாள். போட்டோவை எடுக்கவில்லை. எவ்வளவு என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை. எட்டோ பத்தோ பன்னிரண்டோ, எந்த எண்ணும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. மடியில் கை சும்மா கிடந்தது. தலையைச் சுவரில் சாய்த்தாள். துரத்திய எதுவும் இப்போது பின்னால் இல்லை. எல்லாம் நடந்து முடிந்துவிட்ட இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் மார்பில் ஊசி குத்தியது போல ஒரு கூச்சம். பிறகு ஏதோ கழன்று விட்டுக்கொடுத்தது. என்னவோ சத்தம் கேட்கிறதே, யாருடைய புட்டி என்று அவள் திரும்பிப் பார்த்தாள். கோடியில் இருந்த நாற்காலியில் நாலம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மிஷின் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஏழம்மா குனிந்து பார்த்தாள். மெல்லிய இழைகளாக, இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்து, பால் புட்டியின் சுவரில் அடித்து இறங்கிக்கொண்டிருந்தது. பத்து. பதினைந்து. இருபத்தைந்து. நிற்கவில்லை.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். உள்ளிருந்து வந்தது சிரிப்பா, வேறேதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்த உடம்புக்கு வெட்கம் இல்லையா? கெஞ்சினாள், அதட்டினாள், அதற்குச் சோறு போட்டாள், அதற்காகப் பொய் லேபிள் ஒட்டினாள். அப்போதெல்லாம் அசையாத மாடு, கன்றின் வாயைக் கட்டிப் போட்ட பிறகு தாராளமாகச் சுரக்கிறது.

“வருதா?” என்றாள் நாலம்மா, திரும்பாமல்.

“வருது.”

நாலம்மா தன் மிஷினைப் போட்டாள். சற்று நேரம் இரண்டு புட்டிகளின் சத்தமும் ஒன்றாகக் கேட்டது.

நாற்பத்தைந்து மில்லி. ஏழம்மா லேபிள் எழுதினாள். பெரிய சிஸ்டரிடம் கொண்டு போய்க் கொடுத்தபோது அவள் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. ஏழம்மாவின் முகத்தையும், நனைந்திருந்த மேலாடையையும் பார்த்தாள். அதுவே அவளுக்குச் சான்றாகப் போதுமானதாக இருந்தது போலும். உறைய வைக்கும் பெட்டியில் அதை வைத்தாள்.

“ஒரே ஒரு சொட்டு உதட்டுல தடவலாமா சிஸ்டர்? விழுங்க வேண்டாம். சும்மா உதட்டுல.”

“டாக்டரைக் கேட்டேன். இன்னிக்கு அதுவும் வேண்டாங்கிறாங்க.”

“சரி.”

ஐந்து மணிக்கு எக்ஸ்ரே மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றான். ஏழம்மா அவன் பக்கத்தில் நின்றாள். உள்ளே கடுகின் இரண்டு கையையும் நர்ஸ் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். படம் அசையாமல் வர வேண்டும் என்பதற்காக. அந்தக் கைகள் நர்ஸின் ஒரு விரல் நீளம் இருந்தன. வயிறு காலையில் இருந்ததைவிடப் பெரிதா, சிறிதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பார்க்கப் பார்க்கப் பெரிதாகவும் தெரிந்தது, சிறிதாகவும் தெரிந்தது.

மேலாடையின் முன்பக்கம் மறுபடி நனையத் தொடங்கியது. அவள் இரண்டு உள்ளங்கையாலும் மார்பை அழுத்திப் பிடித்தாள். பால் விரலிடுக்கில் கசிந்து, மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடி, தரையில் சொட்டியது. நிறுத்தச் சொல்லவும் அவளுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரேக்காரன் படம் பிடித்த தட்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், டாக்டரின் அறையை நோக்கிப் போனான்.